எட்டாயிரமும் ஒன்றரை லட்சமும்

ஒரு நாள் வாடகை ஆயிரத்து எண்ணூறு.
கோவையிலிருந்து பஞ்சு வைத்த பெட்டியில்
டிக்கெட் எடுக்காத பிள்ளைபோல மடியில் வைத்துக் கொண்டுவந்தான் ரெஜிஸ்.
பர்லியார் தாண்டியதும் அதற்குத் தன் மப்ளரைச் சுற்றிவிட்டானாம்.

என்னுடையது எட்டாயிரத்துச் சொச்சம்.
உள்ளே நூலாம்படைபோல ஒரு பூஞ்சை,
குன்னூர்ப் பக்கம் எல்லோர் தோல்செருப்பிலும் பூப்பதுதான்.

ஸ்டுடியோவின் பின்சுவரில்
தினசரியின் வரிவிளம்பரப் பக்கத்தை ஒட்டினோம்.
முக்காலி. இரண்டு விநாடித் தாமதம்.
எங்கள் மூச்சு எழுத்தை அசைத்துவிடும் என்பதுபோல
இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

முழுக்கத் திறந்து எடுத்தால்
என் லென்ஸில் நடுவிலுள்ள மணமகள் தேவை பளிச்சென்று இருக்கிறது;
ஓரத்தில் வீடு வாடகைக்கு
எறும்பாய்க் கலைந்து ஓடுகிறது.
வாடகை லென்ஸில்
கடைசி மூலையின் கைபேசி எண்ணில்கூட
ஏழு, ஏழாகவே நிற்கிறது.

எட்டுக்கு மூடினோம்.
இரண்டும் ஒன்று.

ரெஜிஸ் நம்பவில்லை.
இருநூறு மடங்காக்கிப் பார்த்தான், நானூறு, எண்ணூறு.
சதுரங்கள் மிஞ்சின. எது எதனுடையது என்று கேட்டேன்.
டீ வாங்கி வரப் போய்விட்டான்.

எதிர்மலையை எடுக்கலாம் என்று வெளியே தூக்கினோம்.
தேயிலை வரிசை, தகரக்கூரை, அதன் மேல்
டயர் வைத்து அமுக்கிய
என்று தொடங்கும்போதே மேகம் ஏறிவந்துவிட்டது.
எட்டாயிரத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும்
ஒரே வெள்ளை.

பதினொன்றுக்குத் தவமலர் வந்தாள்.
பாஸ்போர்ட்டுக்கு. குவைத்தில் வீட்டுவேலை.
நாற்காலியில் உட்காரவைத்து இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்தேன்.
என் பழசு அவளுக்கு ஐந்து வயது குறைத்திருந்தது.
அதைத்தான் கேட்பாள் என்று
ஓரம் வெட்டவே தொடங்கிவிட்டேன்.

"அதுல தழும்பக் காணோமே."

இடது புருவத்தில். ஆறாவது படிக்கும்போது கவாத்துக் கத்தி பட்டது.
சான்றிதழில் அங்க அடையாளம் அதுதான்.
எந்த அலுவலகத்திலும் தாளைப் பார்த்து, அவளைப் பார்த்து,
மறுபடி தாளைப் பார்த்து
எங்கேம்மா என்கிறார்களாம்.

மற்றதில் இருந்தது:
மெல்லிசாய் ஒரு கோடு, மூன்று தையல்புள்ளி,
முடி ஒதுங்கி வழிவிட்ட இடம்.
முதல்முறையாக அன்றைக்கு ரெஜிஸ் சிரித்தான்.

அச்செடுத்தேன். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர், எட்டு பிரதி.
என் பிரிண்டரில் இந்த அளவுக்கு
எந்த லென்ஸும் தோற்கும்.
சொல்வதா வேண்டாமா என்று நிற்கையில்
ஜன்னலோரம் போய்
நகத்தால் படத்தைத் தொட்டாள், புருவத்தில், சரியாக.
"இருக்குண்ணே."

நான் பார்த்தேன். ரெஜிஸ் பார்த்தான்.
விளக்கைப் போட்டும் பார்த்தோம்.

மூன்றரை பஸ்ஸில் பெட்டி இறங்கிப் போனது.
மப்ளர் மட்டும் முக்காலியின் கழுத்தில்.