போயாவுக்கு முதல்நாள்

கலண்டரில் முழுநிலவுகளை
இப்போதெல்லாம் நான்தான் முதலில் தேடுகிறேன்.
"அப்பாவுக்குப் பக்தி வந்திட்டுது" என்கிறாள் அபிசாரிகா.

போயாவன்று கடை பூட்டு.
முதல்நாள் மாலை
வெள்ளவத்தையில் இறங்காமல்
தெகிவளை வரை போகிறேன்.
வெள்ளவத்தைக்காரன் போன மாதம்
நான் வாய் திறக்குமுன்
அரைப்போத்தலைத் தாளில் சுற்றத் தொடங்கினான்.
அன்றிலிருந்து
அவன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

தெகிவளையில்,
"மாத்தயா, ஒன்றா?"
இரண்டு, என்றேன்.
வீட்டில் விருந்தாளிகள், என்றேன்.
அவன் அதைக் கேட்கவேயில்லை.

இன்று போயா. விடிய நாலு மணி.
சப்பாத்துப் பெட்டிக்குள்
ஒன்று மிச்சம் இருக்கவேணும்.
இல்லை.

கடற்கரை ரயில் போனால்
யன்னலெல்லாம் அதிரும் வீடு இது.
சாசரில் தேத்தண்ணிக் கோப்பை
கிடுகிடுக்கிறது
என் கையில்.
முதல் ரயிலுக்கு
இன்னும் நேரமிருக்கிறது.