ஆறு சொட்டு

போர்வெல் வண்டியில் பதினேழு வருஷம்.
ஆயிரம் அடியில் பாறை நொறுங்க நொறுங்க
ராடு வழியே ஏறி வந்த அதிர்வு
இடுப்பில் தங்கிவிட்டது.
வண்டியை விற்ற பிறகும்
எனக்குள் நிற்கவேயில்லை கம்ப்ரஸர்.

ஊசி, பெல்ட், ஈரோட்டு ஸ்கேன்,
கடைசியில் திருச்செங்கோட்டு வைத்தியர்
சீட்டெழுதிக் கொடுத்த பச்சைக் குப்பி.
"கஞ்சாவுங்களா?"
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள் பூவாத்தாள்.
பிறகு அவளே எண்ணினாள்
பால் கணக்குப் பார்க்கும் கண்ணோடு:
ஆறு சொட்டு.

சங்ககிரிச் சாவடியில் பையைத் துழாவிய ஏட்டு
குப்பியை முகர்ந்தார். சீட்டை இருமுறை படித்தார்.
சுற்றும் பார்த்துவிட்டு,
"முட்டி வலிக்குக் கேக்குங்களாண்ணா?"

வலி அங்கயேதானுங்க இருக்குது,
நான்தான்
ராத்திரிக்குக் கொஞ்சம்
தள்ளிப் படுத்துக்கறேன்.