இது நீங்கள்தானா?

நைவாஷா ஏரி அந்த வருடம்
வேலியைத் தாண்டி வந்தது.
முதலில் பப்பாளி மரத்தடி,
அப்புறம் வண்டிக் கொட்டகை,
ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது
கணக்கு அறையில் என் மேசைக்கடியில்
ஒன்பது வருடமாய் முனகிக்கொண்டிருந்த சர்வர்.
முதலாளி கிப்டனுய்
பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார்.
தண்ணீர் கொட்டியது, ஒரு குட்டி மீன் விழுந்தது.
ரோஜாப் பண்ணையின் ஒன்பது வருடக் கணக்கில்
வேறெதுவும் விழவில்லை.

மேகக் கணிமைக்கு மாறுங்கள் என்றார்
நகுருவிலிருந்து வந்த வம்புகு.
எந்த மேகம் என்று கேட்டேன்.
மேகமும் இல்லை, மழையும் இல்லை,
வேறொரு நாட்டில் யாரோ வாடகைக்கு விடும்
குளிரூட்டிய கட்டடம்.
சட்டென்று பிடிபட்டது.
அழுகக்கூடியதையெல்லாம் நாங்களும்
குளிரறையில்தானே வைக்கிறோம்.

அதன்பிறகு
பெண்கள் கத்தரியைத் துடைத்து வைக்கும் முன்பே
எத்தனை தண்டு, என்ன நீளம் என்பது
ஹாலந்தின் ஏல மண்டபத்துக்குத் தெரிந்தது.
லாரிக்குள் குளிர் இரண்டு டிகிரி இறங்கினால்
என் இடுப்பில் கைப்பேசி துடித்தது.
காதலர் தினத்துக்கு முன்பு பத்து மடங்கு வேலை,
மார்ச்சில் ஈ ஓட்டுவோம்.
பயன்படுத்திய அளவுக்குத்தான் பில்.
அந்த நேர்மையை எங்கள் மின்சார வாரியத்திடம்
நான் பார்த்ததில்லை.

நவம்பரில் ஒபூயா வேலையை விட்டான்.
கேக் வெட்டினோம்.
பூட்ஸ், மழைக்கோட்டு, கேட் சாவி, டீசல் அட்டை,
ஒவ்வொன்றையும் எண்ணி வாங்கி
கையெழுத்துப் போடச் சொன்னேன்.
கடவுச்சொல்லை மட்டும் யாரும் கேட்கவில்லை.
அதில் சேறு ஒட்டியிருக்காது,
அலமாரியில் இடமும் அடைக்காது.

பிப்ரவரி ஒன்பது, இரவு இரண்டு நாற்பது.
கிசுமுவில் ஒபூயா தூங்கிக்கொண்டிருக்க
ஒபூயாவின் பெயர் எங்கள் கணக்குகளுக்குள் நடந்தது.
பந்தயத் தளம் ஒன்றுக்கும் அதே கடவுச்சொல்லாம்,
அங்கே கசிந்ததாம், பிறகுதான் தெரிந்தது.
வந்தவர் அவசரப்படவில்லை.
மூன்று வருட விலைப்பட்டியலைப் படித்தார்.
விமானச் சரக்குக்காரர்களுக்கு நான் எழுதும் கடிதங்களையும்
கடைசி வரியில் நான் போடும் அசாந்தே சானாவையும் படித்தார்.
பணம் போகிற வங்கி எண்ணை மாற்ற
என் அனுமதி வேண்டும்.
என் கடவுச்சொல்லும் அவரிடம் இருந்தது.
வியாழக்கிழமை வந்த ஒரு கடிதத்தில்
நானே தட்டச்சிட்டுக் கொடுத்திருந்தேன்.
ஒபூயாவை மட்டும் திட்ட எனக்கு வாயில்லை.

கைப்பேசி ஒளிர்ந்தது.
இது நீங்கள்தானா?
ஆம். இல்லை.
அணைந்தது, மறுபடி ஒளிர்ந்தது.
பதினோரு தடவை.
பகலில் நாற்பது முறை ஆம் அழுத்திப் பழகிய கட்டைவிரல்
தூக்கத்திலேயே கிளம்பிவிட்டது.
நான்தானா?
போர்வைக்குள் கால் இருந்தது.
பக்கத்தில் மகள் வாயைத் திறந்து தூங்கினாள்.
நான் இங்கே இருக்கிறேன்.
அப்படியானால் அங்கே கதவைத் தட்டுகிற நான் யார்?

இல்லை என்று அழுத்திவிட்டு
வம்புகுவை எழுப்பினேன்.
நகுருவில் படுக்கையில் உட்கார்ந்தபடியே
இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் அடைத்தார்.
மேசைக்கடிப் பெட்டியாக இருந்திருந்தால்
விடிகிறவரை எனக்குச் சேதியே வந்திருக்காது.

கட்டடக்காரர்கள்மேல் குற்றமில்லை,
அவர்களுடைய வாசலில் காவல் விழித்துத்தான் இருந்தது.
உள்ளே எங்கள் அறைக்கதவை
நாங்கள்தான் சாத்தாமல் போயிருந்தோம்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும்
பெயர்ப்பட்டியலோடு உட்காருகிறேன்.
யார் போனார், யாருக்கு எந்த அறை போதும்.
வெட்டும் பிரிவுக்குச் சம்பளக் கணக்கு எதற்கு?
முதலாளிக்கே சில கதவுகளைச் சாத்தினேன்,
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
மாதம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் நகலெடுத்து
வேறோர் இடத்தில் வைக்கிறோம்,
வைத்ததைத் திறந்தும் பார்க்கிறோம்,
மீன் ஏதும் விழுகிறதா என்று.

ஏரி இன்னும் இறங்கவில்லை.
ஒபூயாவைக் கூப்பிட்டு
உன் பெயரை எடுத்துவிட்டேன் என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கேட்டான்,
கேக் மிச்சம் இருக்கிறதா?