பெட்டிக்கு நாற்பது ரூபாய்

ஜே.சி. ரோட்டில் நடுப்பகலிலும்
எங்கள் கடைக்குள் டியூப்லைட் எரியும்.
லைனிங், ரிவெட், வீல் பேரிங், கிளட்ச் பிளேட்,
கூரை வரை அடுக்கிய இரும்பின் வாசனை
சட்டையோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வரும்.

கன்னடத்தில் விலை சொல்வேன்,
இந்தியில் குறைப்பேன்,
தமிழில் மட்டும் கொஞ்சம் தயங்குவேன்.

"ஒரிஜினலா, ஒரிஜினல் மாதிரியா?"
வாய்க்குப் பழகிய கேள்வி.
இடது அலமாரியில் வஜ்ரதாரா.
வலது அலமாரியில் வஜ்ரதரா.
அதே நீலம், அதே மின்னல் படம்.
தமிழில் எழுதிப் பார்த்தால்
ஒரு துணைக்கால் குறையும்,
விலையில் பாதி.

செங்கோடன் வந்தபோது மழை விட்டிருந்தது.
பன்னிரண்டு சக்கர வண்டியை
யஷ்வந்தபுரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு
தேய்ந்த லைனிங் ஒன்றைப் பேப்பரில் சுற்றி
மீன் வாங்கி வந்தவனைப் போல மேசையில் பிரித்தான்.
ரிவெட் தலைகள் பளபளத்தன,
டிரம்மைத் தின்ற பளபளப்பு.

சங்ககிரியிலிருந்து முதலாளி ஸ்பீக்கரில் வந்தார்.
"ரெண்டும் ஒரே சரக்குதான், அட்டைக்குத்தான் காசு.
கம்மியானதையே போடு.
ட்யூ இருக்குது, டயர் இருக்குது, டீசல் விக்கிற வெலைக்கு..."
செங்கோடன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஒண்ணு கேக்கறனுங்க.
இருபத்தஞ்சு டன் வெங்காயம்.
நாளைக்கு ராத்திரி தொப்பூர் எறக்கம்.
பக்கத்துல ஒக்காந்து வருவீங்களா?
எந்தப் பெட்டியப் போட்டா வருவீங்க?"

பதினொரு வருஷத்தில் என்னிடம்
தள்ளுபடி கேட்டிருக்கிறார்கள்,
கடன் கேட்டிருக்கிறார்கள்,
பில் இல்லாமல் கேட்டிருக்கிறார்கள்.
கூட வருவாயா என்று யாரும் கேட்டதில்லை.

தொப்பூர் எனக்கும் தெரியும்.
பொங்கலுக்கு ஊருக்குப் போகையில்
அந்த வளைவில் தூக்கம் தானாகக் கலையும்.
ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே
பிளந்து கிடந்தது ஒரு லாரி.
சாலை முழுக்கத் தக்காளி,
மேலே மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.
லைனிங் விற்றது யார் என்று விசாரித்துக்கொண்டு
எந்தக் கடைக்கும் யாரும் வருவதில்லை.

கை இடது பக்கம் போனது.
நான்கு பெட்டி.
ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் போனில் அடித்துப் பார்த்தான்,
பச்சை விழுந்தது.
முதலாளி அனுப்பிய பணம் போதவில்லை.
உள்சட்டைப் பையில் நான்காக மடித்த நோட்டுகள் வெளியே வந்தன.
யாருக்கென்று வைத்திருந்தானோ.
நான் கேட்கவில்லை.

லைனிங்கை எல்லாம் சாக்கில் கட்டியான பிறகு
படியில் காலிப் பெட்டிகள்.
தூணோரம் இம்தியாஸ்.
ஸ்டிக்கர் கிழியாத பெட்டிக்கு நாற்பது ரூபாய் தருவான்,
அதில்தான் என் சாயங்கால டீயும் பன்னும்.
அடுத்த வாரம் அந்தப் பெட்டி
வலது அலமாரியை வயிற்றில் வாங்கிக்கொண்டு
வேறொரு கடையின் இடது அலமாரியில் போய் உட்காரும்.
தெரியும். தெரிந்துதான் குடித்தேன்.

ஒன்றை எடுத்து மின்னலின் நடுவே கிழித்தேன்.
கனத்த அட்டை, லேசில் கிழியவில்லை.
இரண்டாவதற்குக் கத்தரி தேவைப்பட்டது.
"பைத்தியமா அண்ணா?" என்றான் இம்தியாஸ்.
செங்கோடன் ஒன்றும் சொல்லாமல்
மூன்றாவதைக் காலடியில் போட்டு
பிரேக் மிதிப்பவனைப் போல மிதித்தான்.

நான்காவதைப் பிடுங்கிக்கொண்டு
டவுன்ஹால் பக்கம் ஓடிவிட்டான் பையன்.

எந்த அலமாரியில் இருக்கிறதோ அது
இன்றைக்கு,
நீலமாக.