பணித்தலம் காணப்படவில்லை

ஏழு தசம் மூன்று, ஆ பிரிவு.
நாங்கள் தகுதியிழந்த காரணம் ஒரே வரி:
உற்பத்திப் பணித்தலம் நேரில் காணப்படவில்லை.
தமிழ்ப் பிரதியில் ஒரு ஒற்று விழுந்து
பணிதலம் என்றிருந்தது.
அதற்கு மேன்முறையீடு கிடையாது.

விலை உறை உடைபடாமலே திரும்பி வந்தது,
அரக்கில் என் பெருவிரல் ரேகை
போட்டபடி கிடக்க.

கடற்படைக்கு நாற்பது படகு.
பதினெட்டரை அடி, சாம்பல் நிறம்,
அணியத்தில் துவக்குத் தாங்கி பூட்ட
நாலு துளை.
அந்தத் துளைகளை அளந்து கீறினது நான்தான்.
மாசிச் சம்பளம் பங்குனி முடிந்தும் வரவில்லை,
அதையும் சொல்ல வேண்டும்.

கொழும்புத்துறைக் கொட்டிலில்
ரெசின் மணத்துக்குள் நின்று கடிதத்தை வாசித்தேன்.
அச்சு வார்க்கிற யூட் சிரித்தான்.
"நல்லதுதான். வலை அறுத்தவைக்கு
நான் துளை போடமாட்டன் எண்டு
எப்பிடிச் சொல்லுறதெண்டு இருந்தனான்."
வங்கிக் கடனில் கையெழுத்து வைத்த திரேசம்மா
அன்று பின்னேரம் கோயிலில்
மெழுகுதிரி கொளுத்தினா.
எதற்கென்று சொல்லவில்லை.

மேன்முறையீட்டுக் கட்டணம் திருப்பித் தரப்படாது.
இரவு பஸ்ஸில் போய்,
நாலாம் மாடியில், குளிரூட்டிக்கு நேர் கீழே
எங்களை இருத்தினார்கள்.
தலைவர் மரியாதையானவர், தேத்தண்ணி தந்தார்.
"குழு இரண்டு தரம் வந்தது.
மயிலிட்டியில் நீங்கள் தந்த முகவரிக்கு
வாசலே இல்லை."

மரியநேசன் எழும்பினார்.
"வாசல் இருக்குது ஐயா.
அதிலை உங்கட ஆக்கள்தான் நிக்கினம்."

மொழிபெயர்ப்பாளர் தண்ணி குடித்தார்.
சிங்களத்தில் அது
பாதி நீளமாய்ப் போய்ச் சேர்ந்தது.

எதிர்க் கம்பனியின் வழக்கறிஞர் நியாயமாய்த்தான் கேட்டாள்:
வாடகைக் கொட்டிலின் முகவரியைத் தந்திருக்கலாமே?
தையில் நானும் அதைத்தான் கேட்டேன்.

நாலாம் கூட்டில், இரண்டு வரி இடம்.
கொழும்புத்துறை என்று அடித்து முடித்திருந்தேன்.
"அழி. மயிலிட்டியைப் போடு.
உறுதி அதிலைதான் கிடக்கு."
உள்ளுக்க விடமாட்டாங்கள் என்றேன்.
"ஓம்" என்றார்.
வேறொன்றும் சொல்லாமல்
உளி தேய்க்கப் போய்விட்டார்.

படகு விற்கத்தான் விண்ணப்பித்தாரா,
அரசாங்கக் குழு ஒன்றை
அந்த முள்வேலி மட்டும் கூட்டிப்போய்
காணவில்லை என்று
முத்திரையோடு எழுதி வாங்கவா?
நான் கேட்கவில்லை.
அந்தக் கடிதத்தை அவர் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு
உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறார்.
நாற்பது படகின் காசு
எனக்கு இரவில் கணக்காய் வருகிறது,
வட்டி தனியாய்.

ஆனியில் தீர்ப்பு வந்தது.
எங்களை நீக்கியது சரி.
ஆனால் போட்டி முழுவதும் ரத்து, மறுகோரல்.
எதிர்க் கம்பனிக்காரன் தொலைபேசியில்
மரியநேசனைத் தூஷணத்தால் பேசினான்.
இந்த முறை புதிதாய் ஒரு நிபந்தனை:
பணித்தலக் காணியை
தற்போது வைத்திருப்பவரிடமிருந்து
ஆட்சேபனையின்மைக் கடிதம்.

யூட் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
வெளியே போனான்.
வேலையை விட்டுவிட்டானா
தேத்தண்ணிக்குப் போனானா தெரியாது.

இன்று காலை முகாம் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் அடித்தேன்.
அனுப்புநர்: மரியநேசன் படகுத் தொழிலகம்,
கடற்கரை வீதி, மயிலிட்டி.
பெறுநர்: பொறுப்பதிகாரி,
கடற்கரை வீதி, மயிலிட்டி.

தபால் கந்தோர்ப் பெட்டை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அக்கா, ரெண்டு பக்கமும் ஒரே விலாசம். பிழையோ?"

இல்லைப் பிள்ளை,
பதிவுத் தபால் என்றேன்.