வலது பக்க ஷட்டர்

பஞ்சிகாவத்தையில் வாங்கினேன்.
ஜப்பானில் மோதி நொறுங்கிய ஏதோ ஒரு காரின்
நோகாத கதவிலிருந்து கழற்றிய மோட்டர்.
ஏழரை சொன்னான், ஆறாயிரத்துக்கு விட்டான்.
கையில் எடுத்தால் ஒரு மாதுளம்பழத்தின் பாரம்.

பழையது ஏறப் பதினான்கு செக்கன் எடுக்கும்,
எண்ணியிருக்கிறேன்.
பாதியில் நின்று இளைக்கும்.
சிவதர்சினி குறுக்கே கைநீட்டி சுவிட்சை அழுத்த
நான் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைப் பிடித்து
மேலே தள்ளுவேன்.
மழையில் காலி வீதி முழுவதும்
பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கும்.

பின்கதவுப் பூட்டு வேறு.
ரிமோட்டுக்கு மூன்று கதவுகள் டக் என்னும்,
நாலாவது யோசிக்கும்.
"அக்சுவேட்டரையும் மாத்துவோம் அண்ணன்,
ஒரேயடியா வேல முடியும்" என்றார் ருவைஸ் பாஸ்.
சரி என்றேன்.
ஸ்பானர் பிடித்த மனிதரிடம் நான் எதற்கும் சரிதான்.

மருதானையில் கராஜ்.
கிளிப்புகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
கதவின் உள்தோலை உரித்தார்.
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
முழங்கை மட்டும் உள்ளே விட்டார்.

முதலில் ஒரு கொண்டை ஊசி.
ஒரு இரண்டு ரூபாய்க் குற்றி.
பிறகு
நாலாய் மடித்த தாள்.

மழை குடித்துக் காய்ந்து, குடித்துக் காய்ந்து
அப்பளமாய்க் கிடந்தது.
பொலிஸ் முத்திரையின் ஊதா கரைந்திருந்தது.
என் பெயர் சிங்களத்தில், பிழையாக.
கொழும்பில் தங்கியிருப்பதன் நோக்கம் என்ற இடத்தில்
யாரோ ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள்.

அன்றிரவு, கேட்டவுடன் எடுக்கவென்று
கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் செருகி வைத்திருந்தேன்.
ஷட்டரை இறக்கு என்றார்கள்.
இறக்கினேன்.
அப்போது மோட்டர் நல்ல மோட்டர்.
கண்ணாடியோடு தாளும் போயிருக்கிறது,
எனக்குக்கூடச் சொல்லாமல்.

விடியும்வரை ஸ்டேஷன் வாங்கில் இருந்து
அதே சட்டைப் பையை எத்தனை தரம் புரட்டினேன்.
வீட்டில் அவள் அலுமாரியைத் தரையில் கொட்டி
ஒவ்வொரு சேலையாய் உதறினாளாம்.
இப்போதும் சண்டை முற்றினால் அங்கேதான் வந்து நிற்கும்:
"எங்கதான் வச்சனீங்கள்?"

இங்கேதான்.
பதினாறு வருடம், என் வலது முழங்கையிலிருந்து
நாலு அங்குலத்தில்.

புது மோட்டருக்கு மூன்று செக்கன்.
முணுமுணுப்புக்கூட இல்லை.
பாஸ் ஏழெட்டுத் தரம் ஏற்றி இறக்கினார்,
பிள்ளையின் விளையாட்டுச் சாமானைப் பறித்தவர்போல.
உள்ளே ஒரு வயர் மட்டும் தகரத்தில் பட்டு
டிக், டிக்.
"ஏதும் துண்டு இருக்கா அண்ணன், எடயில வைக்க?"

மூன்றையும் பொனட்டில் பரப்பிப் படம் எடுத்து
சிவதர்சினிக்கு அனுப்பினேன்.
பிறகு தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்து
அவர் கையில் கொடுத்தேன்.
டிக் நின்றது.

மருதானைச் சந்தியில் சிவப்பு.
சும்மா ஷட்டரை இறக்கினேன், ஏற்றினேன், இறக்கினேன்.
பக்கத்து ஓட்டோக்காரன் என்ன என்பதுபோல் பார்த்தான்.
போன் அதிர்ந்தது.

தாளைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"உந்தக் கொண்டை ஊசி ஆற்றை?"