தபால் பெட்டி

ஆகஸ்ட் கடைசியில் எனக்குத்தான் முதலில் தொண்டை கட்டியது.
ஊலுயார்வி ஏரிக்கரையில், லூலியின் கரண்டியிலேயே
புளூபெர்ரிக் கூழை ருசி பார்த்துவிட்டு ஊட்டினேன்.
சூடு ஆறிவிட்டதா என்று பார்க்கத்தான்.
நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல்,
உள்ளங்கையில் கொப்புளங்கள், நாக்கில் இரண்டு.
வாரம் முடிவதற்குள் படகுத்துறையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள்.
மறந்துபோனோம்.

இரண்டு குளிர்காலம் கழித்துத் தாகம்.
நாய்க்கு வைத்த தண்ணீரையும் குடித்தாள்.
கயானி மருத்துவமனையில், இன்சுலின் என்ற சொல்லை
அவளுக்கு முன்னால் நான் எழுத்துக் கூட்டினேன்.

பிறந்தபோதே ஓர் ஆய்வுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தோம்.
மூன்று மாதத்துக்கு ஒரு குழாய் ரத்தம்,
தீப்பெட்டி அளவு மலம்.
உறைபெட்டிக்குள் வரிசையாக அவள் மழலைப் பருவம்.
நோய் வந்த பிறகே அதை எடுத்துப் படித்தார்கள்.
தெல்லெர்வோ தொலைபேசியில் சொன்னாள்:
செப்டம்பர் மாதிரியில் காக்ஸாக்கி வைரஸ்.
டிசம்பர் ரத்தத்தில் கணையத்துக்கு எதிரான முதல் எதிர்ப்பொருள்.
"ஒன்றின் பின் மற்றொன்று.
ஒன்றினால் மற்றொன்று என்று நான் சொல்லவில்லை.
இதே வைரஸ் வந்துபோன எத்தனையோ பிள்ளைகள்
கவலையில்லாமல் மிட்டாய் தின்கிறார்கள்."
என் தொண்டையைப் பற்றி நான் கேட்கவில்லை.
கேட்காததற்கும் பதில் சொன்னாள்:
"கரண்டி மேல் வழக்குப் போட முடியாது, வெய்யோ."

நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்.
ஜனவரியில் ஓர் இரவு, எதிரே ஒரே வெள்ளை.
சாலையோரக் குவியல் என்று நினைத்து அலகை இறக்கினேன்.
மரம் முறியும் சத்தம்.
இறங்கிப் பார்த்தால் என் வீட்டுத் தபால் பெட்டி,
என் பெயர் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.
வண்டியில் பழுதில்லை. நான் குடித்திருக்கவுமில்லை.
பனி மூடிவிட்டால்
அள்ள வேண்டியதும் என் முகவரியும் ஒரே உயரம்.

லூலிக்குள் இருப்பவர்களும் அப்படித்தானோ,
காய்ச்சலின் முகத்தை மனப்பாடம் செய்தவர்கள்,
காய்ச்சல் போன பிறகும் வேலை நேரம் முடியாதவர்கள்.
அவர்களைத் திட்ட மனம் வரவில்லை.
எனக்குச் சம்பளமும் அதே வேலைக்குத்தான்.

இன்று அதிகாலை மூன்றேகாலுக்கு அவள் கையிலிருந்த கருவி கூவியது.
மூன்று புள்ளி ஒன்று.
அரை டம்ளர் பழச்சாறு, கண் திறக்காமலே குடித்தாள்.
பிறகு தூக்கம் கலைந்து கூழ் கேட்டாள்.
அந்தத் தொலைபேசிக்குப் பிறகு
எனக்கென்று சிவப்புப் பிடி போட்ட தனிக் கரண்டி.
காரணம் அவளுக்குத் தெரியாது.
"சுடுதான்னு பாரு" என்று
தன் கரண்டியை என் உதட்டருகே நீட்டினாள்.
வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்கு நேரமாகிவிட்டது.
வாயைத் திறந்தேன்.